சுனிலின் பெயர் எப்போது வந்தது?

"அக்கா, அம்மாவோட திதிக்கு நான் வரமாட்டேன். அவன்கிட்ட நீங்களே சொல்லிருங்க."

போன மாதம் ஒரு சனிக்கிழமைக் காலை. அடுப்பில் பருப்பு, கையில் கரண்டி, காதில் போன். குருவிட்டயிலிருந்து பேசியவள் மல்லிகா. 'அவன்' என்றால் அவளுடைய கூடப்பிறந்த தம்பி தனபாலன். ருவான்வெல்லைக் கடைத்தெருவில் புடவைக் கடை வைத்திருக்கிறான். இரண்டு பேரும் எங்கள் பக்கத்து வீட்டில் வளர்ந்தவர்கள். அதனால்தான் தலை நரைத்த ஒரு முதலாளியை நான் இங்கே 'அவன்' என்று எழுதுகிறேன். கடைக்குப் போகிற நீங்கள் அப்படிக் கூப்பிட்டு வைக்காதீர்கள்!

"ஏன்டி... ஒரு வருசமாகப் போகுது. இன்னுமா கோவம்?"

"என் புருசன் பேர விட்டவன் வீட்டுல நான் எப்புடிக்கா போய் ஒக்காந்து சாப்புடுறது?"

போனை வைத்துவிட்டாள். என் பருப்பு அடிப்பிடித்ததுதான் மிச்சம்.

விஷயம் இதுதான். போன வருடம் அவர்களுடைய அம்மா காலமானார். அன்றைக்கே தனபாலன் ஒரு வெப்சைட்டில் மரண அறிவித்தல் போட்டான். வெளிநாட்டுச் சொந்தக்காரர்களுக்குச் செய்தி போக வேண்டுமே... இப்போது எல்லோரும் செய்வதுதான். அதில் குடும்பத்தில் எல்லோருடைய பெயரும் இருந்தது. மல்லிகாவின் கணவர் சுனிலின் பெயர் மட்டும் இல்லை. அந்த வீட்டுக்கு இருப்பதே ஒரு மருமகன்!

நம் ஆட்கள் மரண அறிவித்தலை எப்படிப் படிக்கிறார்கள் என்று கவனித்திருக்கிறீர்களா? போனவருக்கு இரண்டு வரி. இருப்பவர்களுக்கு மிச்சம் அத்தனையும். நாம் படிப்பது அந்த மிச்சத்தைத்தான். யார் பெயர் முதலில்? யார் பெயர் கடைசியில்? முக்கியமாக — யார் பெயர் இல்லை? கல்யாணக் கார்டில் ஒரு பெயர் விடுபட்டால் அடுத்த கல்யாணத்தில் கொட்டை எழுத்தில் போட்டுச் சமாளிக்கலாம். மரண அறிவித்தலில் விடுபட்டால்? அம்மா இன்னொரு தடவை போகப்போவதில்லையே.

அதிலும் சுனில் சிங்களவர். மல்லிகா அவரை விரும்பிக் கட்டிக்கொண்டபோது கடைத்தெருவே அதைப் பேசிப் பேசி ஓய்ந்தது. ஆனால் அந்த அம்மா பேசவில்லை. கொஞ்ச நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு, மருமகனுக்குப் பிடிக்கும் என்று பலாக்காய்க் கறி சமைத்து பஸ்ஸில் கொடுத்தனுப்பினார். அத்தோடு விஷயம் முடிந்தது. சுனிலும் சும்மா இருக்கவில்லை. அம்மாவின் இறுதிச் சடங்குக்குச் சந்தியிலிருந்து வீடு வரைக்கும் ரோட்டோரம் வெள்ளைக் கொடி கட்டியது அவர். கூடாரம் போட்டது, கதிரை இறக்கியது, வந்தவர்களுக்கெல்லாம் பிளேன்டீ போய்ச் சேர்ந்ததா என்று பார்த்தது — எல்லாம் அவர்தான். அப்படிப்பட்ட மனிதரின் பெயர் இல்லை என்றால் மனைவிக்கு எப்படி இருக்கும்?

லண்டனில் இருக்கும் சித்தப்பா மகள் அந்த அறிவித்தலைப் போனில் படம் பிடித்துக் குடும்ப குரூப்பில் போட்டிருந்தாள். மல்லிகா அதைப் பார்த்தது மறுநாள், அடக்கம் முடிந்து வந்த பிறகு. நேராகத் தம்பியிடம் போனாள்.

"மச்சான் பேரு எங்கடா?"

அவன் தரையைப் பார்த்தான். "விட்டுப்போச்சுக்கா" என்றான். அவ்வளவுதான். ஒரு விளக்கம் இல்லை, ஒரு மன்னிப்பு இல்லை. சுற்றி நின்ற சொந்தங்களுக்கு அது போதாதா? 'சிங்கள ஆள் பெயரை வேண்டுமென்றே விட்டிருக்கிறான்' என்று ஆளுக்கொரு பக்கம் முடிவு கட்டினார்கள். மல்லிகா கருமாதிக்கு வந்தாள். ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்காமல் போனாள். அதன் பிறகு தீபாவளிக்கு வரவில்லை, பொங்கலுக்கு வரவில்லை. இப்போது திதிக்கும் இல்லையாம்.

எனக்கு மட்டும் ஒன்று இடித்துக்கொண்டே இருந்தது. தனபாலன் அப்படிச் செய்கிற ஆள் இல்லை. பண்டிகைக்குப் புதுத்துணி வந்தால் முதல் சட்டையை எடுத்து 'மச்சானுக்கு' என்று ஒதுக்கி வைக்கிறவன் அவன்.

சட்டியைத் தண்ணீரில் ஊறப்போட்டுவிட்டு அந்த அறிவித்தலைத் தேடிப் பார்த்தேன். பக்கம் இன்னும் இருக்கிறது. படித்தால்... 'செல்வி, சுனில் ஆகியோரின் அன்பு மாமியாரும்' என்று அழகாகப் போட்டிருக்கிறது. செல்வி என்பது தனபாலனின் மனைவி. சுனில் என்பது சுனிலேதான்!

மல்லிகாவைத் திருப்பி அழைத்தேன். "பேரு இருக்கேடி!"

"நான் கத்துன பெறகு பயந்துகிட்டுப் போட்டதுக்கா அது."

அவள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. அவள் கத்துவதற்கு முன் அந்தப் பெயர் வந்திருந்தால், அது கைப்பிழை. கத்திய பிறகு வந்திருந்தால், அது பயம். ஒரு அக்காவும் தம்பியும் இனிப் பேசிக்கொள்வார்களா, மாட்டார்களா என்பது இந்த ஒரு கேள்வியில் வந்து நின்றது. சுனிலின் பெயர் எப்போது வந்தது?

இந்த இடத்தில்தான் என் ஏஜென்டைக் கூப்பிட்டேன்.

பயப்படாதீர்கள், இன்சூரன்ஸ் ஏஜென்ட் இல்லை. ஏஐ ஏஜென்ட். கேட்டதற்குப் பதில் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடும் ஏஐ ஒரு வகை. சொன்னால் எழுந்து போய், இன்டர்நெட்டில் நாலு கதவைத் தட்டி, வேலையை முடித்துக்கொண்டு வரும் ஏஐ இன்னொரு வகை. பாடசாலைக்கு வரும் சிங்களச் சுற்றுநிருபங்களைத் தமிழில் மாற்றிக்கொள்ள நான் இந்த இரண்டாவது வகையை வைத்திருக்கிறேன். நல்ல பிள்ளை. ஒரே குறை... எதற்கெடுத்தாலும் அனுமதி கேட்கும்.

இன்டர்நெட்டில் பழைய பக்கங்களுக்கென்று ஒரு காப்பகம் இருப்பது உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். உலகத்து வெப்சைட்களை அவ்வப்போது பிரதி எடுத்து அடுக்கி வைத்துக்கொண்டே இருக்கும். நீங்கள் இன்றைக்குப் பக்கத்தை மாற்றினாலும் நேற்றைய பிரதி அங்கே பத்திரமாகக் கிடக்கும். நமக்கு முன்னால் ஒரு முகம், பின்னால் ஒரு முகம் காட்டுகிறவர்களை அப்படிப் பிரதி எடுத்து வைக்க ஏதாவது இருக்கிறதா என்று கேட்காதீர்கள். இல்லை.

'இந்த வெப்சைட்டின் சேமிக்கப்பட்ட பழைய பிரதிகளை எல்லாம் வரிசையாகக் காட்டு' என்று டைப் செய்தேன்.

'பழைய பிரதிகளைப் பட்டியலிடும் கருவியைப் பயன்படுத்தலாமா?' என்றது.

'பயன்படுத்து.'

'மிக அதிகமான பிரதிகள் இருக்கின்றன. எல்லாவற்றையும் காட்டட்டுமா?'

அப்போதுதான் உறைத்தது. அறிவித்தல் பக்கத்தின் முகவரியைக் கொடுக்காமல், மொத்த வெப்சைட்டின் முகவரியைக் கொடுத்திருக்கிறேன். நாடு நாடாகக் காலமான தமிழர்கள் அத்தனை பேரையும் அது என் வீட்டு வாசலில் கொண்டுவந்து இறக்கத் தயாராக நிற்கிறது! 'வேண்டாம், வேண்டாம்' என்று தடுத்துவிட்டு, சரியான முகவரியைத் தேடி ஒட்டினேன்.

மறுபடி அனுமதி. மறுபடி 'பயன்படுத்து'. இந்த முறை அளவான பட்டியல் வந்தது. ஒவ்வொரு வரியிலும் ஒரு தேதி, ஒரு நேரம்.

முதல் வரியைப் பார்த்ததும் எனக்கு உடம்பு சிலிர்த்தது. அம்மா மூச்சை விட்டது மத்தியானம். நான் பக்கத்திலேயே இருந்தேன். பட்டியல் காலை நேரம் காட்டுகிறது. உயிர் போகும் முன்பே அறிவித்தலா?

ஏஜென்டைக் கேட்டேன். அது அமைதியாகப் பதில் சொன்னது: 'இந்த நேரங்கள் உலகப் பொது நேரத்தில் உள்ளன. இலங்கை நேரத்துக்கு ஐந்தரை மணித்தியாலம் கூட்டிக்கொள்ள வேண்டும்.'

முதலிலேயே சொல்லக் கூடாதா, மகராசா? அனுமதி கேட்க மட்டும் நேரம் இருக்கிறது.

பட்டியலில் நிறைய வரிகள் இருந்தன. திறந்து பார்த்தால் பாதிக்கு மேல் ஒன்றுபோல இருந்தன. 'ஒரே மாதிரி இருப்பவற்றைச் சேர்த்துவிட்டு, எங்கெங்கே மாறியிருக்கிறது என்று மட்டும் காட்டு' என்றேன். கொஞ்ச நேரம் யோசித்தது. பிறகு வந்தது பதில்.

'வேறுபட்ட பிரதிகள் மூன்று. மூன்றும் ஒரே நாளில் சேமிக்கப்பட்டவை. அதன் பிறகு இந்தப் பக்கம் மாறவில்லை.'

ஒரே நாளில்! அம்மா போன அதே நாளில்! மல்லிகா கத்தியது மறுநாள் அல்லவா? அப்படியானால் அவள் வாயைத் திறப்பதற்கு முன்னாலேயே பெயர் வந்துவிட்டது. தனபாலன் தப்பித்தான். நான் சமையலறையில் தனியாக நின்று கை தட்டினேன்.

கடைசிப் பிரதியைத் திறந்தேன். சுனில் பெயர் இருந்தது. அன்று மாலையில் சேமித்தது. அதற்கு முந்தியதைத் திறந்தேன். பெயர் இல்லை. லண்டனிலிருந்து வந்த படம் இதுதான். சரி, இல்லாதது வந்துவிட்டது. கணக்கு முடிந்துவிட்டதே... பிறகு எதற்கு முதலாவதாக இன்னொன்று?

திறந்தேன். திறந்திருக்கக் கூடாது.

'செல்வி, காலஞ்சென்ற சுனில் ஆகியோரின் அன்பு மாமியாரும்.'

குருவிட்டயில் டயர் கடை வைத்திருக்கும் சுனில். முந்தின வாரம்தான் போன் செய்து, 'டீச்சர், உங்கட ஸ்கூட்டிக்கு நல்ல டயர் வந்திருக்கு' என்று சொன்ன சுனில். காலஞ்சென்றவராம்!

'ஏன் இப்படி?' என்று ஏஜென்டைக் கேட்டேன். கேட்டது முட்டாள்தனம்தான், ஆனால் பக்கத்தில் வேறு யாரும் இல்லை.

'பக்கம் எப்போது, எப்படி மாறியது என்பதைத்தான் பிரதிகள் காட்டும். யார், ஏன் மாற்றினார்கள் என்பது எனக்குத் தெரியாது. அறிவித்தலைக் கொடுத்தவரிடம் கேட்பது நல்லது' என்றது.

அதற்கு மட்டும் என் அனுமதியைக் கேட்கவில்லை. குடையை எடுத்துக்கொண்டு கடைத்தெருவுக்கு இறங்கினேன்.

தனபாலன் ஒரு அம்மாவுக்கு ரவிக்கைத் துணி வெட்டிக்கொண்டிருந்தான். அவர் போகும் வரைக்கும் காத்திருந்து, போனை அவன் முன்னால் வைத்தேன். பார்த்தான். கத்தரிக்கோல் மேசையில் விழுந்தது.

"டீச்சர்... இது எப்புடிங்க? அன்னிக்கே அழிச்சாச்சே இது!"

"அழிச்சது அங்க. இருக்கிறது இங்க. என்னடா பண்ணி வச்ச?"

முக்காலியில் உட்கார்ந்துவிட்டான். பிறகு ஒவ்வொன்றாக வந்தது.

அம்மா போன கையோடு அறிவித்தல் எழுத வேண்டும். கை ஓடவில்லை, எழுத்து வரவில்லை. அதற்குக் கொஞ்ச நாள் முன்புதான் பக்கத்து ஹார்ட்வெயார் கடை அம்மா காலமாகி, அவருக்குப் போட்ட அறிவித்தல் இவன் போனில் இருந்தது. அதையே எடுத்துப் பெயர்களை மாற்றினான். அந்த அம்மாவின் மருமகன் முன்பே இறந்துபோனவர். அவர் பெயரை அழித்துவிட்டு அந்த இடத்தில் சுனில் என்று போட்டான். முன்னால் இருந்த 'காலஞ்சென்ற' அப்படியே இருந்துவிட்டது.

இதில் அவனைத் தனியாகக் குற்றம் சொல்ல முடியாது. எங்கள் கடைத்தெருவில் யார் போனாலும், அதற்கு முன் போனவரின் அறிவித்தல்தான் கை மாறும். ஒரு முறை, கேகாலையைத் தாண்டாத ஒரு பெரியவரை 'கனடாவை வதிவிடமாகவும் கொண்ட' என்று போட்டுவிட்டார்கள். துக்கம் கேட்க வந்தவர்கள் அழுவதை விட்டுவிட்டு, 'இவர் எப்போது போய்வந்தார்?' என்று விசாரித்தார்கள். புதிதாக ஒருவர் உட்கார்ந்து எழுதினால்தானே... துக்க வீட்டில் யாருக்கு அந்த நிதானம் வரும்?

"வெப்சைட்டுல வந்தத பாத்ததும் எனக்குக் கண்ண இருட்டிருச்சு டீச்சர். போன் பண்ணி, 'மொதல்ல அந்தப் பேர எடுங்க, எடுங்க'ன்னு கத்துனேன். உடனே எடுத்துட்டாங்க. சரியா எழுதிக் குடுத்து, திரும்பப் போடுறதுக்குள்ள வெளக்கு வச்சிருச்சு. அந்த எடவேளையிலதான் லண்டன்ல பாத்துருக்காங்க."

பேர் இல்லாமல் இருந்த நேரத்தில் லண்டன் பார்த்திருக்கிறது. காலஞ்சென்றவராக இருந்த நேரத்தில் நல்லவேளையாக யாரும் பார்க்கவில்லை, காப்பகத்தைத் தவிர.

"சரி, பிழைதானே? அதை மல்லிகாகிட்ட அப்பவே சொல்லியிருந்தா என்ன? இப்புடி ஒரு வருசம் கெட்ட பேரு வாங்கியிருக்க வேணாமே?"

அவன் என்னை நிமிர்ந்து பார்த்தான்.

"அம்மாவ அப்பத்தான் அடக்கம் பண்ணிட்டு வந்திருக்கோம். அக்கா அழுது அழுது கண்ணு வீங்கி நிக்குது. அதுகிட்ட போய், 'ஒம் புருசனையும் செத்தவங்களோட சேத்துட்டேன்'னு சொல்லச் சொல்றீங்களா? அது எப்புடிப்பட்ட ஆளுன்னு ஒங்களுக்குத் தெரியாதா டீச்சர்? மச்சான் ரத்தினபுரிக்குப் போய்ட்டு வரக் கொஞ்சம் லேட்டானாலே தாலியப் புடிச்சுகிட்டு வாசல்ல நிக்கும். இது தெரிஞ்சிருந்தா இந்த வருசம் பூரா, மச்சான் தும்முனாக்கூட உசுரக் கையில புடிச்சுகிட்டு இருந்திருக்கும். பேர விட்டவன்னு என்னத் திட்டட்டும். பரவாயில்ல. பயந்து சாகிறதுக்குத் திட்டுறது மேல்."

ஒரு வருடம்! சொந்தமெல்லாம் இவனை இனவாதி என்றது, நன்றி கெட்டவன் என்றது. உயிருக்குயிரான அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஒரு வார்த்தை சொன்னால் எல்லாம் தீர்ந்திருக்கும். அந்த ஒரு வார்த்தை அவளைப் பயமுறுத்தும் என்று இவன் வாயைப் பூட்டிக்கொண்டு துணி வெட்டிக்கொண்டிருந்திருக்கிறான். அசடா, அசடா என்று தலையில் குட்ட வேண்டும் போலவும் இருந்தது. அதே தலையைத் தடவிக்கொடுக்க வேண்டும் போலவும் இருந்தது.

"டீச்சர், ஒண்ணு பண்ணுங்க. கடைசிப் பிரதிய மட்டும் அக்காகிட்ட காட்டுங்க. நான் சொன்னா நம்பாது; அதுல தேதி இருக்கு, அன்னிக்கே பேரு வந்துருச்சுன்னு தெரிஞ்சா போதும். மத்ததக் காட்டிராதீங்க. ஒங்களக் கும்புட்டுக் கேக்குறேன்."

சரி என்றேன். வாக்கும் கொடுத்தேன்.

மறுநாள் ஞாயிறு. அவிசாவளையில் பஸ் மாறிக் குருவிட்டவுக்குப் போய்ச் சேர்ந்தேன். வழியெல்லாம் மழை. டயர் கடைக்குப் பின்னால்தான் வீடு. சுனில் ஒரு லொறிச் சக்கரத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டே, "உள்ளுக்குப் போங்க டீச்சர், மல்லி இருக்கு" என்றார்.

மல்லிகாவிடம் கடைசிப் பிரதியைக் காட்டினேன். தேதியையும் நேரத்தையும் காட்டினேன். ஐந்தரை மணித்தியாலத்தைக் கூட்டியும் காட்டினேன். அவளும் விரல் விட்டு ஒரு தடவை கூட்டிப் பார்த்தாள்.

"அப்ப... நான் கத்துறதுக்கு முன்னாடியே போட்டிருக்கானா?"

"ஆமாடி. முந்தின நாள் சாயங்காலமே."

அவள் முகம் இளகியது. நான் நிம்மதியாக டீயை எடுத்தேன். அங்கேதான் தவறு செய்தேன். டீயை எடுக்கப் போனை அவள் கையில் விட்டிருந்தேன்.

"மொதல்ல ஏன் விட்டான்? இதுக்கு முன்னாடி என்ன இருந்துச்சு?" என்றபடியே அவள் விரல் மேலே போனது. அங்கே பட்டியல் இருந்தது. மூன்று பிரதிகள் இருக்கின்றன என்று ஏஜென்ட் தெளிவாக எழுதி வைத்திருந்தது. இத்தனை வருடம் டீச்சராக இருக்கிறேன்... 'இந்தப் பக்கத்தை மட்டும் பார், மற்றதைப் பார்க்காதே' என்று சொல்லி, கேட்ட ஒரு பிள்ளையை நான் கண்டதில்லை.

பார்த்துவிட்டாள்.

கை தானாகக் கழுத்துக்குப் போய்த் தாலியைப் பிடித்துக்கொண்டது. தனபாலன் சொன்னது சரியாகத்தான் இருந்தது.

சுனில் கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்தார். தமிழ் தண்ணீர் மாதிரிப் பேசுவார். வாசிக்கத் தெரியாது. "என்ன மல்லி? என்ன போட்டிருக்கு அதுல?"

அவள் வாயைத் திறக்கவில்லை. எப்படித் திறப்பாள்? அந்தச் சொல்லையும் அந்தப் பெயரையும் சேர்த்து அவள் வாயால் சொல்ல வேண்டுமே. அவர் என்னைப் பார்த்தார். எனக்கும் தமிழில் சொல்ல நாக்கு எழவில்லை. சிங்களத்தில் சொன்னேன். உங்களைச் செத்தவர்களோடு சேர்த்துப் போட்டுவிட்டான், பிழையாக, கொஞ்ச நேரத்துக்கு மட்டும்.

"மம மெருணத?"

'நான் செத்துட்டேனா' என்று கேட்டவர், என் முகத்தைப் பார்த்தார், மனைவியின் முகத்தைப் பார்த்தார், பிறகு சிரிக்க ஆரம்பித்தார். அப்படி ஒரு சிரிப்பு! கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். "அப்ப அன்னிக்குக் கொடி கட்டினது யாரு டீச்சர், என்னோட பேயா?"

"சிரிக்காதீங்க!" மல்லிகா வெடித்தாள். அழுகையும் வந்தது. நான் வாக்கை மீறியது மீறியாகிவிட்டது, இனி என்ன? தனபாலன் சொன்ன அத்தனையையும் ஒன்று விடாமல் சொன்னேன். தும்மல் வரைக்கும் சொன்னேன்.

சுனிலின் சிரிப்பு நின்றுவிட்டது. "அனே, பவ்" என்றார் மெதுவாக. பாவம் என்று அர்த்தம். "ஒரு வருசமா ஒத்த ஆளா வச்சிகிட்டு இருந்திருக்கான், பாருங்களே."

மல்லிகா முந்தானையால் முகத்தைத் துடைத்தாள்.

"வாயத் தெறந்து சொல்லியிருந்தா அன்னிக்கு ஒரு நாள் அழுதிருப்பேன். இப்ப ஒரு வருசம் தம்பி இல்லாம இருந்துட்டேன்க்கா. திதிக்குப் போறேன். போய் அவனுக்கு ரெண்டு அறை விடுறேன்."

அறை விடுவதற்கு முன் செய்ய வேண்டிய வேலைகள் அவளுக்கு இருந்தன. அன்று பின்னேரமே பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தாள். அதில் திருப்தி வராமல் விகாரைக்கும் போய், கணவர் பெயரில் போதி பூஜை வைத்தாள். இரண்டு பக்கத்துக் கடவுள்களுக்கும் சுனில் நலமாக இருக்கிறார் என்பது முறைப்படி தெரிவிக்கப்பட்டது. அந்த வாரம் முழுக்க ரத்தினபுரிப் பக்கமே போகக் கூடாது என்று அவருக்கு உத்தரவு. டயர் எடுக்கப் போக முடியாமல் அவர் எனக்குப் போன் செய்து புலம்பினார். 'டீச்சர், நான் உயிரோட இருந்தும் பிரயோசனம் இல்ல' என்றார்.

போன ஞாயிற்றுக்கிழமை திதி.

தனபாலனின் வீடு கடைக்கு மேல் மாடியில். வாசலில் அவர்களுடைய வான் வண்டி வந்து நின்ற சத்தம் கேட்டதுமே அவன் அடுப்படிக்குள் போய்விட்டான். ஏற்கனவே கிண்டி இறக்கிய பாயசத்தை மறுபடி கிண்டிக்கொண்டு நின்றான். மல்லிகா படியேறி வந்தாள். அம்மாவின் படத்துக்கு முன்னால் நின்று கும்பிட்டாள். பிறகு நேராக அடுப்படிக்குப் போனாள்.

அறை விழவில்லை.

"தண்ணி குடுடா" என்றாள்.

அவன் சொம்பை நீட்டினான். பாதி தண்ணீர் தரையில் சிந்தியது. அவள் மிச்சத்தைக் குடித்து முடித்தாள். பிறகு இருவரும் அந்தப் புகைக்குள் நின்று அழுதார்கள். வெளியில் பந்தியில் உட்கார்ந்திருந்த சுனில் நீண்ட நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, "மச்சான், இந்தப் படையல் எனக்கும் சேத்தா?" என்று சத்தமாகக் கேட்டார். யாருக்கும் சிரிக்கலாமா என்று தெரியவில்லை. முதலில் சிரித்தது மல்லிகாதான்.

எனக்கு ஒன்று புரிந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். சண்டைகளில் நாம் எல்லோரும் ஒரே ஒரு பிரதியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம். யாரோ நடுவில் எடுத்து அனுப்பிய பிரதி. அதற்கு முன்னால் ஒன்று இருக்கும், பின்னால் ஒன்று இருக்கும் என்று தோன்றுவதே இல்லை. எல்லாவற்றையும் வரிசையாகக் கொண்டுவந்து காட்ட ஏஜென்டால் முடியும். ஆனால் ஏன் என்று கேட்க, யாராவது குடை பிடித்துக்கொண்டு இறங்கிப் போகத்தான் வேண்டும்.

சாப்பாடு முடிந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தபோது மல்லிகா கேட்டாள். "அம்மாவுக்கு வருச நினைவஞ்சலி போடலியா?"

"இனிமே செத்தாலும் நான் ஒரு அறிவித்தலும் எழுதமாட்டேன்" என்றான் தனபாலன்.

"குடு இங்க."

போனை வாங்கிக்கொண்டு ஜன்னல் பக்கம் போய் உட்கார்ந்தாள். எதையும் பார்த்து எழுதவில்லை. முதல் எழுத்திலிருந்து அவளே எழுதினாள். அம்மாவைப் பற்றி ஐந்தாறு வரி, பலாக்காய்க் கறி உட்பட. கீழே குடும்பத்தார் பெயர்கள். வெப்சைட்டுக்கு அனுப்பினாள். நாங்கள் இரண்டாவது டீ குடிப்பதற்குள் பக்கத்தில் வந்துவிட்டது. எல்லோரும் தங்கள் தங்கள் போனில் பார்த்தோம். சுனிலின் பெயர் எல்லோருக்கும் முன்னால், தடித்த எழுத்தில்.

தனபாலன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு மேலிருந்து கீழே படித்தான். கீழிருந்து மேலே படித்தான். பிறகு நிமிர்ந்தான்.

"அக்கா... என் பேரு?"

"எடம் பத்தலடா" என்றாள் மல்லிகா, வெற்றிலையை மடித்துக்கொண்டே. "பொழுது சாஞ்ச பெறகு போடச் சொல்றேன். அது வரைக்கும் கெட."

மாடி முழுக்கச் சிரிப்பு. அவன் மட்டும் சிரிக்கவில்லை. தன் பெயர் இல்லாத அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். கொஞ்ச நேரம் கழித்து மெல்ல எழுந்து என் பக்கத்தில் வந்து, யாருக்கும் கேட்காமல் குனிந்து சொன்னான்:

"டீச்சர், அக்கா இத மாத்துறதுக்கு முன்னாடி, அந்த காப்பகத்துல இதையும் ஒரு பிரதி எடுத்து வச்சிருங்களேன்..."